வடைக்குச் சொந்தக்காரி

(இடம்: புதுச்சேரி, குருசுக்குப்பம். கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியில் ஒரு தள்ளுவண்டி வடைக்கடை. நேரம்: மாலை. கடைக்காரர் அஞ்சலை, கையில் ஜல்லிக்கரண்டியுடன். வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர். அவரைத் தெருவே வாத்தியார் என்றுதான் அழைக்கும். வடைக்கடையில் இவ்வளவு திருத்தமான தமிழா என்று வியப்பவர்கள், வாத்தியாரிடம் ஒரு சொல்லைக் கொச்சையாகச் சொல்லிவிட்டால் அவர் அதைத் திருத்தி முடிப்பதற்குள் இரண்டு ஈடு வடை கருகிவிடும் என்பதை அறியாதவர்கள்.)

வாத்தியார்: அஞ்சலையம்மா, நாளைக் காலை என் பேத்தியின் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நான் ஒரு நீதிக்கதை சொல்ல வேண்டும். வியாபாரத்தில் அடிபட்ட ஒருவரிடம் முதலில் சொல்லிப் பார்த்தால் கதையின் ஓட்டை உடைசல் தெரிந்துவிடும் என்பதால் உங்களிடம் வந்தேன்.

அஞ்சலை: சொல்லுங்கள் ஐயா. கைக்குத்தான் வேலை இருக்கிறது, காது சும்மாதான் இருக்கிறது. இந்தாருங்கள், இரண்டு வடை. நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

வாத்தியார்: ஒரே ஒரு ஊரிலே ஒரு பாட்டி வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு காகம் வந்து ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு...

அஞ்சலை: நிறுத்துங்கள். பாட்டி என்ன செய்தாள்?

வாத்தியார்: பாட்டி அதற்குப் பிறகு கதையில் வரமாட்டாள்.

அஞ்சலை: பொருளைப் பறிகொடுத்தவள் முதல் வரியோடு போய்விடுகிறாள், திருடியவனும், திருடியவனிடமே திருடியவனும் கடைசி வரைக்கும் நிற்கிறார்கள். உளுந்து விற்கிற விலையில் அந்த ஒரு வடையின் நஷ்டத்தை யார் கொடுத்தது என்று இத்தனை நாளாக ஒரு குழந்தையாவது உங்களைக் கேட்கவில்லையா?

வாத்தியார்: கேட்கவில்லை. நரி காகத்தின் குரலைப் புகழ்ந்தது, காகம் பாடியது, வடை விழுந்தது. புகழ்ச்சிக்கு மயங்காதே என்பது நீதி.

அஞ்சலை: அது காகத்துக்கான நீதி. வடை கிடைத்தது நரிக்கு அல்லவா? என் பேரன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்த அன்றே, "ஆயா, நீ இன்றைக்குச் சினிமா நடிகை மாதிரி இருக்கிறாய்" என்று சொல்லி என்னிடம் இரண்டு வடையை வாங்கித் தின்றுவிட்டான். பாடம் அவனுக்கு நன்றாகத்தான் ஏறியிருக்கிறது.

வாத்தியார்: (திடுக்கிட்டு) நீங்கள் ரூசோவைப் படித்திருக்கிறீர்களா?

அஞ்சலை: எந்தத் தெரு?

வாத்தியார்: அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய அறிஞர். 1762இல் வெளிவந்த 'எமீல்' என்ற நூலில், இந்தக் கதையைக் கேட்கும் குழந்தைகள் காகத்தைப் பார்த்துச் சிரிப்பார்களே தவிர நரியின் மேல்தான் ஆசை கொள்வார்கள் என்று எழுதினார். அந்த நூலைப் பாரீசில் தீயிட்டும் கொளுத்தினார்கள். ஆனால் அது மத விவகாரத்துக்காக, நரிக்காக அல்ல.

அஞ்சலை: அவரும் வடைக்கடை வைத்திருந்தாரோ?

வாத்தியார்: அங்கே வடை ஏது? லா ஃபோன்தேன் என்ற கவிஞர் 1668இல் எழுதிய பாட்டில் காகத்தின் அலகில் இருப்பது பாலாடைக்கட்டி. ஈசாப்பின் பெயரில் வழங்கும் கிரேக்கக் கதையில் அது இறைச்சித் துண்டு. பிரெஞ்சுப் பாட்டில் நரி வாசனையால் இழுக்கப்பட்டு வருகிறது. மரத்தின் மேல் காகம் வைத்திருக்கும் கட்டியின் வாசனை கீழே புதருக்குள் இருந்த நரிக்கு எட்டியது என்றால் அது எப்பேர்ப்பட்ட வாசனை என்று ரூசோ அதையும் கிண்டல் செய்திருக்கிறார்.

அஞ்சலை: அவ்வளவு தூரம் அடித்திருந்தால் அது முந்தாநாள் சரக்காகத்தான் இருக்கும். அதைத் தின்ற நரிக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று எழுதியிருந்தால் அதுதான் நீதி. வேறு கதை சொல்லுங்கள்.

வாத்தியார்: குரங்கும் முதலையும். நாவல் மரத்துக் குரங்கு நாள்தோறும் முதலைக்குப் பழம் கொடுத்தது. முதலையின் மனைவியோ, இத்தனை இனிப்பான பழம் தின்னும் குரங்கின் இதயம் எவ்வளவு இனிக்கும் என்று ஆசைப்பட்டாள். முதலை நண்பனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடு ஆற்றில் உண்மையைச் சொன்னது. குரங்கு பதறாமல், "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே, திரும்பிப் போய் எடுத்துவருவோம்" என்றது.

அஞ்சலை: நான் பிறந்தது சிதம்பரத்துக்குப் பக்கம், பழைய கொள்ளிடக் கரை ஐயா. அங்கே ஊருக்குள் முதலை வந்துவிட்டால் வனத்துறைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவார்கள். நாவல் பழம் தின்கிற முதலையை நாங்கள் பார்த்ததில்லை, அது கிடக்கட்டும். குரங்கு தப்பியது எதனால்?

வாத்தியார்: சமயோசித புத்தியால்.

அஞ்சலை: பொய்யால். இந்தக் கதையை முடித்துவிட்டு அடுத்த மணியில் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துவீர்கள். ஆனாலும் இந்தக் குரங்கை என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அது உயிருக்காகச் சொன்ன பொய். நரி சொன்னது வாய்ருசிக்காகச் சொன்ன பொய். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் குழந்தைக்கு ஊட்டினால் அதற்கு அஜீரணம்தான் ஆகும்.

வாத்தியார்: அப்படியானால் பதவிக்காகச் சொன்ன பொய்யைக் கேளுங்கள். பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் தமனகன் என்ற நரி, சிங்க அரசனுக்கும் சஞ்சீவகன் என்ற காளைக்கும் இருந்த நட்பைக் கோள் சொல்லியே கெடுக்கிறது. சிங்கம் காளையைக் கொன்றுவிடுகிறது. தமனகன் சிங்கத்துக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அமைச்சனாகவே நீடிக்கிறது.

அஞ்சலை: பிறகு?

வாத்தியார்: பிறகு ஒன்றும் இல்லை. தந்திரம் அத்துடன் முடிந்தது.

அஞ்சலை: (கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு) கோள் சொன்னவனுக்குப் பதவியா? இதையா மூன்றாம் வகுப்பில் சொல்லப் போகிறீர்கள்?

வாத்தியார்: இந்தக் கோபம் உங்களுக்கு மட்டும் வரவில்லை. எட்டாம் நூற்றாண்டில் இதை அரபு மொழியில் ஆக்கிய இப்னுல் முகஃபாவுக்கும் மனம் பொறுக்கவில்லை போலும். அந்த அரபு நூலில், வடமொழியில் இல்லாத ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் அந்த நரியின் மேல் வழக்கு நடந்து, சாட்சி விசாரித்துத் தண்டனையும் கொடுக்கிறார்கள். அவரே சேர்த்தது என்பது அறிஞர் கருத்து.

அஞ்சலை: நல்ல மனிதர். வடநாட்டில் நடந்த குற்றத்துக்கு அரபு நாட்டில்தான் நீதி கிடைத்திருக்கிறது.

வாத்தியார்: மூல நூலைக் குறை சொல்லவும் முடியாது. விஷ்ணு சர்மா அதை மூன்று மந்தமான இளவரசர்களுக்கு ஆறே மாதத்தில் அரசியல் கற்பிப்பதற்காகச் சொன்னதாகத்தான் அந்த நூலே தொடங்குகிறது. யாரை நம்பலாம், யாரைப் பிரிக்கலாம், எப்போது பணியலாம் என்பதுதான் பாடம்.

அஞ்சலை: இப்போதுதான் விளங்குகிறது. நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு வைத்த பாடத்தை எடுத்து, காளைக்கும் சிங்கத்துக்கும் வண்ணம் தீட்டி, கடைசி வரியில் 'நீதி' என்று ஒட்டி, மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டீர்கள். விலைச்சீட்டை மாற்றி ஒட்டினால் சந்தையில் அதற்கு வேறு பெயர் ஐயா.

(அந்தப் பெயரை அஞ்சலை சொன்னார். வாத்தியார் அதைத் திருத்தவும் இல்லை, நாம் அதை அச்சிடவும் இல்லை.)

வாத்தியார்: நீல நரியைச் சொல்லட்டுமா? சாயத் தொட்டியில் விழுந்து நீலமாகிக் காட்டுக்கு அரசனான நரி, மற்ற நரிகள் ஊளையிட்டபோது தானும் ஊளையிட்டு அகப்பட்டு உயிரை விட்டது. வேடம் நிலைக்காது என்பது நீதி.

அஞ்சலை: அரசனானவுடன் அது தன் இன நரிகளை என்ன செய்தது?

வாத்தியார்: காட்டை விட்டே துரத்திவிட்டது.

அஞ்சலை: அப்படியானால் நீதி வேடத்தில் இல்லை. சொந்தக்காரர் நாலு பேர் பக்கத்தில் இருந்திருந்தால், கூட்டத்தோடு கூட்டமாக ஊளையிட்டது யார் என்று எவருக்கும் தெரிந்திருக்காது. நீலச் சாயம் மட்டும் நல்ல சாயம். அடுத்த மழைக்கும் போகவில்லையே.

வாத்தியார்: சாயத்துக்கு நம் ஊரும் பெயர் போனதுதான். நீலச் சாயம் தோய்த்த புதுச்சேரித் துணி ஒரு காலத்தில் கப்பலேறிச் செனகல் நாட்டுக்குப் போயிற்று. அங்கே பிசின் வாணிகத்தில் அது பணமாகவே செல்லுபடியானது. அந்த நாட்டுக் கதைகளில் ஏமாற்றுவது லெக் என்ற முயல், ஏமாறுவது புக்கி என்ற கழுதைப்புலி. நம் முயல் சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்தது போலவே, அங்கும் சிறியதுதான் ஜெயிக்கிறது.

அஞ்சலை: அந்த முயல் கதையைச் சொல்லுங்கள். சிங்கம் நாளுக்கு ஒரு விலங்கு கேட்டது, முயல் அதன் முறைக்குப் போய் அதைத் தொலைத்தது. அதில் வடைக்காரிக்கு நஷ்டமும் இல்லை, கோள்மூட்டிக்குப் பதவியும் இல்லை. மூன்றாம் வகுப்பில் எல்லாருமே முயல் உயரம்தான். அவர்களுக்கு அது பயன்படும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள், அவர்களே ஒன்று கண்டுபிடிக்கட்டும்.

வாத்தியார்: இந்தப் பஞ்சதந்திரக் கதைகளையெல்லாம் தூபுவா என்ற பாதிரியார் தென்னாட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பிரெஞ்சில் ஆக்கி, 1826இல் பாரீசில் அச்சிட்டார். அதே 1826இல்தான் தாண்டவராய முதலியார் தமிழில்...

(கடற்கரைப் பக்கமிருந்து வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டே வருகிறார்கள். பேச்சு பிரெஞ்சு. அஞ்சலை அவர்களைப் பார்க்கிறார், வடைக் குவியலைப் பார்க்கிறார், பிறகு வாத்தியாரைப் பார்க்கிறார்.)

அஞ்சலை: ஐயா, அந்த நரிப் பாட்டைப் பிரெஞ்சில் நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லையே. உங்கள் குரல் வானொலியில் வந்திருக்க வேண்டிய குரல் என்று இந்தத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

வாத்தியார்: (குரலைச் செருமி) அப்படியா பேசிக்கொள்கிறார்கள்?

அஞ்சலை: எத்தனையோ நாளாக. தட்டைக் கையில் வைத்துக்கொண்டால் அபிநயம் வராது, இப்படிக் கொடுங்கள். கொஞ்சம் சாலைப் பக்கம் திரும்பி நின்று, உரக்கச் சொல்லுங்கள்.

(வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு லா ஃபோன்தேனை முதல் வரியிலிருந்து முழங்குகிறார். பயணிகள் நிற்கிறார்கள், இரண்டாம் வரியில் ஒரு மூதாட்டி கூடச் சேர்கிறார், முடிவதற்குள் எல்லாரும் பள்ளிக்கூடக் குழந்தைகளாகிக் கோரஸாகச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். வாத்தியார் கண்ணைத் திறக்கும்போது குவியல் இல்லை.)

வாத்தியார்: (கண் கலங்கி) பார்த்தீர்களா, சிறு வயதில் மனப்பாடம் செய்தது எவருக்கும் மறக்கவில்லை. என் தட்டு எங்கே?

அஞ்சலை: கடைசியாக வந்த அம்மாள் கேட்டார், கொடுத்துவிட்டேன். சில்லறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வாத்தியார்: அப்படியானால் அந்த இரண்டு வடையை நோட்டில்...

அஞ்சலை: எழுதியதை அடித்தால் கணக்கு அசிங்கமாகிவிடும் ஐயா. முதலைக் கதைக்கும் பிரெஞ்சில் பாட்டு உண்டா?

வாத்தியார்: தூபுவா எழுதியது உரைநடை. பாட்டு இல்லை.

அஞ்சலை: பரவாயில்லை, நரிப் பாட்டே போதும். நாளைக்குப் பள்ளி முடிந்து வந்ததும் இதே நேரத்துக்கு வந்துவிடுங்கள். உளுந்தை இன்னும் ஒரு படி கூடுதலாக ஊறப்போடுகிறேன்.