சோத்துக்குக் கவலையில்லாதவன் வியாதியா?

வெல்ட்ஷ்மெர்ட்ஸ் என்ற ஜெர்மன் சொல்லைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அதெல்லாம் சோத்துக்குக் கவலையில்லாதவனுக்கு வரும் வியாதி." உலகம் இப்படிக் கிடக்கிறதே என்று மனசு கனத்துப்போவதற்குத்தான் அந்தப் பெயர். ஆங்கிலேயர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இப்போது நம் ஆட்களும் மழை ஜன்னல் படத்துக்குக் கீழே அதைப் போடுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது, வியாதி என்று சொன்னவர் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது.

வரலாறும் பாதி அவர் பக்கம்தான். இந்த மனநிலைக்கு அடையாளமாக எல்லோரும் காட்டும் கவிஞர் நிக்கோலஸ் லேனாவ், பாட்டி விட்டுப்போன பணத்தில் எழுதியவர். அதே காலத்து ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேவுக்கு ஹாம்பர்கில் பெரிய வங்கிக்காரச் சித்தப்பா. திட்டிக்கொண்டே அவரிடம் பணம் வாங்கினார்.

ஆனால் பாதிதான். அந்தச் சொல்லை முதலில் எழுதிய ஜெர்மன் எழுத்தாளர் ஜான் பவுல், கஷ்டப்பட்ட பாதிரியார் வீட்டுப் பிள்ளை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். தம்பி ஒருவர் வறுமை தாங்காமல் ஆற்றில் விழுந்து செத்தார். 1821-ல், படித்துக்கொண்டிருந்த மகன் மாக்ஸ் இறந்தான். அதற்கப்புறம்தான், ஆன்மா அழியாது என்று தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி 'செலினா' என்ற நூலை எழுத உட்கார்ந்தார். முடிக்கவில்லை. 1825-ல் அவர் இறந்தபோது அந்தக் கையெழுத்துப் பிரதியைச் சவப்பெட்டிமேல் வைத்துக் கொண்டுபோனார்கள். அது அச்சானது 1827-ல்.

அந்த நூலில் வெல்ட்ஷ்மெர்ட்ஸ் வருவது யாருக்குத் தெரியுமா? கடவுளுக்கு. மனிதர்கள் அழியும்போது படுகிற ஆயிரம் வேதனைகளையும் ஒன்றுவிடாமல் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். அப்புறம் ஈடாகக் கிடைக்கப்போகும் பேரின்பத்தையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் அவராலேயே தாங்க முடிகிறது என்கிறார் ஜான் பவுல். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா எழுதியது இது. (அந்த எல்லாவற்றையும் பார்க்கும் பார்வை இப்போது மலிவு விலை போனிலேயே வந்துவிடுகிறது. பேரின்பப் பகுதி மட்டும் லோடு ஆவதில்லை.)

கடவுளின் துக்கம் இளைஞர்களிடம் எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை. 1813-ல் நெப்போலியனை விரட்டப் போருக்குப் போன ஜெர்மன் பையன்கள் பலர், நாடு ஒன்றாகும், வாய் திறந்து பேசலாம் என்று நம்பினார்கள். 1815-ல், ஐரோப்பிய அரசுகள் கூடி எல்லைகளைப் பிரித்துக்கொண்ட வியன்னா மாநாடு முடிந்தபோது பெரும்பாலும் பழைய அரச குடும்பங்களே நாற்காலியில் இருந்தன. 1819-ல் ஜெர்மன் அரசுகள் சேர்ந்து போட்ட அடக்குமுறைச் சட்டங்களான கார்ல்ஸ்பாட் ஆணைகள் வந்தன. மாணவர் சங்கங்களுக்குத் தடை. ஆட்சிக்குப் பிடிக்காத பேராசிரியர்களை வீட்டுக்கு அனுப்ப வழி. 20 ஃபாரத்துக்குள், அதாவது 320 பக்கத்துக்குள், அடங்கும் எதையும் அச்சடிக்கும் முன்பே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். பக்கக் கணக்கு எதற்கு என்றால், தடித்த புத்தகத்தைச் சாதாரண ஜனங்கள் வாங்கமாட்டார்கள், கலகம் பரவுவதெல்லாம் மெல்லிய பிரசுரங்களில்தான். நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் "எல்லாம் கசக்கிறது" என்று எழுதினால், அவனுடைய சுபாவம் அப்படி என்று எப்படிச் சொல்ல முடியும்? பாட்டி பணம் லேனாவுக்குச் சோறு போட்டது, சரி. அவருக்கு வேண்டியிருந்தது வேறு. 1832-ல் சுதந்திரம் தேடி அமெரிக்காவுக்கே கப்பலேறினார். ஒஹையோவில் நிலம் வாங்கினார். அங்கே எல்லோருக்கும் டாலர் பேச்சுதான், நைட்டிங்கேல் பறவைகூட இல்லை என்று புலம்பிவிட்டு மறு வருஷமே திரும்பினார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, மன்னிக்கவும். ஆனால் 1844-ல் புத்தி பேதலித்து, 1850-ல் வியன்னா பக்கத்தில் ஒரு மனநல விடுதியில் செத்துப்போன மனிதரை "சோத்துக்குக் கவலையில்லாதவன்" என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை.

பாவனைக்காரர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களை ஹைனே விட்டுவைக்கவில்லை. கடற்கரையில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்துப் பெருமூச்சு விடும் ஒரு பெண்ணிடம், 'கவலைப்படாதீர்கள் அம்மணி, இது பழைய நாடகம்தான், இந்தப் பக்கம் மறைந்தால் அந்தப் பக்கமாக வந்துவிடும்' என்று ஒரு கவிதையில் சொல்லிவிடுகிறார். மழை ஜன்னல் கோஷ்டிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அதே ஹைனேவுக்குத் தன் துக்கத்துக்குக் காரணம் யார் என்று நன்றாகத் தெரியும். 'செலினா' வெளிவந்த அதே 1827-ல் வந்த அவருடைய நூலில் ஓர் அத்தியாயம் முழுக்க வெறும் கோடுகள்தான், தணிக்கை அதிகாரி அடித்துவிட்டது மாதிரியே. அந்தக் கோடுகளுக்கு நடுவே தப்பித்திருப்பவை சில சொற்கள் மட்டும்: ஆரம்பத்தில் 'ஜெர்மன் தணிக்கையாளர்கள்', கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் 'முட்டாள்கள்'.