ஷூவில் வெண்ணெய்

அபத்த நாடகம், அபத்தப் படம் என்றாலே எதையும் எதோடும் ஒட்டலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. செக் கலைஞர்களைப் பொறுத்தவரை இது முழுத் தவறு. அவர்களுடைய சிரிப்பு கணக்குப் பிசகாதது.

செக் இயக்குநர் யான் ஷ்வாங்க்மாயரின் 'உரையாடலின் சாத்தியங்கள்' (1982) சுமார் 12 நிமிட அசைவூட்டப் படம். அதன் கடைசிப் பகுதியைப் பாருங்கள். மேசைமேல் எதிரெதிரே இரண்டு கிழவர்களின் களிமண் தலைகள். ஒன்று வாயைத் திறந்து டூத் பிரஷ்ஷை நீட்டுகிறது, மற்றது பேஸ்ட்டைப் பிதுக்குகிறது. ரொட்டிக்கு வெண்ணெய், ஷூவுக்கு லேஸ், பென்சிலுக்கு ஷார்ப்னர். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, எந்த வேடிக்கையும் இல்லை. பார்ப்பவர் மனதில் விதி பதிவதற்கான சுற்று அது. அதன் பிறகே ஜோடி மாறுகிறது. ஷூவில் வெண்ணெய், ரொட்டிக்கு லேஸ். இரண்டு பக்கமும் நாலு நாலு பொருள், ஆக 16 சேர்க்கை. சரியானது 4, தப்பானது 12. அந்தக் கணக்கு தீரும்வரை படம் விடுவதில்லை. முதல் சுற்றை வெட்டிவிட்டு நேராக வெண்ணெய் ஷூவுக்கு வந்திருந்தால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எது சரி என்று தெரிந்தால்தானே தப்பு உறைக்கும்?

இன்னொன்று. களிமண் விளக்குச் சூட்டில் காய்ந்து வெடிக்கும். விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுப்பவருக்கு அது தீராத தலைவலி. இங்கே முடிவே அதுதான்: பிளந்த தலைகள், வெளியே தொங்கும் நாக்கு, மூச்சிரைப்பு. பேசிப் பேசிக் களைத்துப்போனதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது.

ஷ்வாங்க்மாயர் பிராகில் பொம்மலாட்டம் படித்து, நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். அதே நகரத்து மேடையில், நா ஸாப்ராத்லீ அரங்கில், 1965இல் யான் கிராஸ்மன் இயக்கிய, செக் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலின் 'அறிவிக்கை' நாடகத்திலும் இதே கறார்த்தனம்தான். ஓர் அலுவலகத்தில் ப்டிடெபெ என்ற செயற்கை மொழியைப் புகுத்துகிறார்கள். ஒரு சொல்லை இன்னொன்றாக யாரும் மாற்றிக் கேட்டுவிடக் கூடாதாம். எனவே ஒரே நீளமுள்ள இரண்டு சொற்களில் குறைந்தது 60 சதவீத எழுத்துகள் வேறுபட வேண்டும். ஐந்தெழுத்துச் சொல் என்றால் மூன்று எழுத்து. குட்டிச் சொற்கள் சீக்கிரமே தீர்ந்துபோகும், மற்றவை நீண்டுகொண்டே போகும். அரிதாகப் பேசப்படும் பொருளுக்கு நீளமான சொல் என்பது அடுத்த விதி. அதனால் வோம்பாட் என்ற விலங்கின் பெயர் 319 எழுத்து! ஹாவெல் எதையும் கண்டபடி மிகைப்படுத்தவில்லை, விதியை அதன் போக்கில் விட்டார், அவ்வளவுதான்.

அலுவலக நிர்வாகி கிராஸுக்கு அந்த மொழியில் ஓர் அறிவிக்கை வருகிறது. அதை மொழிபெயர்க்க அனுமதி வேண்டும். அதில் இருப்பது என்னவென்று ஏற்கெனவே தெரிந்தால்தான் அனுமதி. இந்தச் சுழலை நடிகர்கள் கோமாளித்தனமாகக் கத்தி நடித்தால் நாடகம் அங்கேயே விழுந்துவிடும். ஒவ்வோர் ஊழியரும் தன் மேசையளவில் நியாயமாகப் பேச வேண்டும். எல்லா நியாயங்களையும் கூட்டினால்தான் பைத்தியக்காரத்தனம் தெரியும்.

கடைசியில் விதியை மீறி அதை மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஊழியர் மரியாவுக்கு வேலை போகிறது. அவளைக் காப்பாற்றக்கூடிய இடத்தில் இருக்கும் கிராஸ், அப்படிச் செய்யாமல், நீளமாக ஆறுதல் சொல்லிவிட்டு முள்கரண்டியும் கத்தியுமாக மற்றவர்களோடு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார். அந்த ஆறுதலை நடிகர் நக்கலாகச் சொன்னால் காட்சி செத்துவிடும். ஒவ்வொரு வார்த்தையையும் நம்பித்தான் சொல்ல வேண்டும்.