காரை பெயர்ந்தால் ஒட்டுமா?

மறுபடியும் பெயிண்ட்! இந்த முறை என் கண்ணெதிரிலேயே.

ஞாயிறு விடிகாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு, வேலூர்க் கோட்டைக்கு எதிரே பழைய அரண் நிற்கும் சஜ்ஜாராவ் மலை ஏறினேன். எட்டு மணிக்குள் இறங்காவிட்டால் வேலூர் வெயில் மண்டையைப் பிளந்துவிடும். முட்செடி கிழித்தது, உடைந்த பாட்டில்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம், அதெல்லாம் பழகிவிட்டது. மேலே கொத்தளத்துச் சுவர் முன்னால் ஒருவன் குந்தியிருந்தான்.

கையில் உளி. கரித்துண்டால் இதயம் வரைந்து, அதற்குள் இருந்த சுண்ணாம்புக் காரையை அங்குலம் அங்குலமாகச் சுரண்டினான். தூசியை ஊதினான். ஈரத்துணியால் துடைத்தான். சிவப்பு எனாமல் டப்பாவை நெம்பித் திறந்தான், குச்சியால் கலக்கினான், பிரஷ்ஷை விளிம்பில் வழித்தான்.

"என்ன தம்பி செய்கிறாய்?"

"சுரண்டாமல் பூசினால் ஒரே மழையில் உரிந்துவிடும், அண்ணா!"

நான் கேட்டதென்ன, அவன் சொன்னதென்ன! தொண்டை அடைத்துக்கொண்டது. அங்கே நின்று பார்த்தால் வேலூர்க் கோட்டையும் அகழியும் காலடியில் கிடக்கின்றன. அந்த அகழியைத் தாண்ட முடியாமல்தானே 1677இல் முற்றுகையிட்ட மராட்டியர் எதிர்க்குன்றுகளில் அரண் எழுப்பினார்கள்? மறு ஆண்டு கோட்டை விழுந்தது. ஹைதர் அலியின் படை சூழ்ந்தபோதும் இந்தக் குன்றுகளுக்காகச் சண்டை நடந்தது. அத்தனையும் சொன்னேன், மூச்சு வாங்கச் சொன்னேன்.

"கொஞ்சம் நகருங்கள் அண்ணா, நிழல் விழுகிறது" என்றான்.

கீழே உதிர்ந்த காரைத்துண்டு ஒன்றை மகள் எடுத்துச் சுவரில் பழையபடி பொருத்திப் பார்த்தாள். விரலிலேயே பொடிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைச் சொல்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் குறை 1981இல் தீர்ந்தது; லிங்கத்தை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அந்த அக்கறையில் காலணா பங்கு இந்த மலைக்குக் கிடையாதா? அடிவாரத்தில் ஒரு காவலர், வழியில் ஒரு பலகை, வாரம் ஒருமுறை பாட்டில் பொறுக்க நாலு பேர். இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு நரை விழுந்துவிட்டது.

இறங்கி வந்து, சர்க்கரை வேண்டாம் என்று மூன்று முறை சொல்லி டீ கேட்டேன். பாகாய்க் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.