எனாமல் வாஷ் அக்ரிலிக் பெயின்டைக் கரைக்காது

அக்ரிலிக் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மாடல் டாங்க் மேல் எனாமல் வாஷ் (இடுக்குகளில் நிழல் காட்ட, ஒயிட் ஸ்பிரிட் என்ற தின்னரில் நீர்க்கக் கரைத்த எனாமல் பெயின்ட்) போட்டால் அடிப்பெயின்ட் கரைந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை ஒயிட் ஸ்பிரிட் கரைக்காது. கரைப்பது அதைவிடக் கடுமையான லாக்கர் தின்னர்.

மாடல் கிட்டில் மிஞ்சிய ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில், டாங்குக்கு அடித்த அதே பச்சை அக்ரிலிக்கை அடித்து 48 மணி நேரம் காயவிட்டுப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, அழுத்தாமல் நாலைந்து முறை துடையுங்கள். பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். லாக்கர் தின்னரில் நனைத்த இன்னொரு குச்சியில் முதல் இழுப்பிலேயே பச்சை ஏறிவிடும்.

1/35 அளவு டி-34 டாங்க் மாடலில் போல்ட் தலையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்தால், பெரும்பாலும் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் முதல் பூச்சு) இல்லாததோ, காயுமுன் தேய்த்ததோதான் காரணம். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் மட்டும் வாஷ் தேங்க விடாதீர்கள். ஒயிட் ஸ்பிரிட் பட்டு, இறுக்கமாகச் செருகிய சக்கர ஆக்சில் விரிசல் விட்டு உடைந்துவிடும்.