ஆர்சி காருக்கு டபிள்யூடி-40 ஒன்றே போதுமா? போதாது

ரேடியோ ரிமோட்டில் ஓடும் சிறு கார்தான் ஆர்சி கார். “ஆர்சி காரின் பேரிங், ஷாக், டிஃப், கியர் எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடித்தால் போதும்” என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. இது தவறு. (ஷாக் அதிர்வைத் தாங்குவது; டிஃப், அதாவது டிஃபரன்ஷியல், திரும்பும்போது இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது.)

அந்த ஸ்ப்ரே டப்பாவில் பெரும்பகுதி கரைப்பான்தான். ஈரத்தையும் அழுக்கையும் விரட்ட நல்லது. பேரிங்கில் அடித்தால், உள்ளே இருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு மெல்லிய படலத்தை மட்டும் விட்டுப்போகும். சீக்கிரமே கரகரவென்று சத்தம் வரும். பேரிங்கின் ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி எடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய பேரிங் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கூடினால் தூசியைத்தான் இழுக்கும்.

ஷாக்குக்குச் சிலிக்கான் எண்ணெய் மட்டுமே. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சிலிக்கான் ஓ-ரிங் ஊதி, தண்டைப் பிடித்துக்கொள்ளும். கியர் டிஃப்புக்கும் சிலிக்கான்தான், ஆனால் பல ஆயிரம் சிஎஸ்டி (எண்ணெயின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) கெட்டியில்.

பலரும் கோட்டைவிடுவது, பற்களுக்குப் பதில் சிறு குண்டுகள் உள்ள பால் டிஃப்பில். டிஃப் குண்டுகளுக்குச் சிலிக்கான் கிரீஸ். டிஃப்பை இறுக்கும் திருகின் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குக் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ். மாற்றிப் பூசினால் குண்டுகள் பிடிப்பில்லாமல் வழுக்கும், எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

வெளியே தெரியும் ஸ்பர் (பெரிய பல்சக்கரம்), பினியன் (மோட்டாரில் உள்ள சிறிய பல்சக்கரம்) பற்களுக்கு ஒன்றுமே வேண்டாம். எண்ணெயில் ஒட்டும் மணல் உப்புத்தாள்போல் பற்களைத் தேய்த்துவிடும்.