காசு கொடுத்தவனுக்குத்தான் பூட்டு

புத்தகப் பக்கம் கட்டும் பழைய டிடிபி மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவரின் கணினியில் அது இன்று திறப்பதில்லை. அதையே கிராக் செய்து, அதாவது பூட்டை உடைத்து, வைத்திருப்பவரின் கணினியில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. இதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து கிடையாது.

தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு மென்பொருளோடு ஒரு லாக் வரும். மென்பொருளுக்குப் பூட்டாக இருக்கும் சின்னக் கருவி அது. பிரிண்டர் போர்ட்டில் அதைச் செருகி, அதன் முதுகில் பிரிண்டர் கேபிளை மாட்ட வேண்டும். மென்பொருள் கேட்கும் கேள்விக்கு லாக் சரியான பதிலைத் தந்தால்தான் வேலை நடக்கும். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. ஒரு கடையில் வாங்கிய ஃபிளாப்பி மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிடும். எழுத்துரு செய்தவர் என்ன சாப்பிடுவார்?

இப்போது அந்தப் போர்ட்டே பெரும்பாலான புதுக் கணினிகளில் இல்லை. யுஎஸ்பியில் செருகும் பேரலல் கேபிள் போதும் என்று கடைக்காரர் சொல்வார், நம்பிவிடாதீர்கள். அது பிரிண்டருக்கானது. பழைய மென்பொருள் பெரும்பாலும் 378 போன்ற போர்ட் முகவரியில் நேரடியாகப் போய் லாக்கைத் தேடும். அந்தக் கேபிளில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. யுஎஸ்பி லாக் வைத்திருப்பவர்களை, அந்த லாக்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருள் படுத்துகிறது. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. லாக் செய்த நிறுவனத்தையே கேட்கலாம் என்றால், அதுவும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஹாஸ்ப் லாக்கைச் செய்த இஸ்ரேலின் அலாதீன், சேஃப்நெட்டுக்குப் போய், ஜெமால்டோவுக்குப் போய், 2019இல் தேலஸிடம் வந்து சேர்ந்தது.

தமிழில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. எல்லோருக்கும் பொதுவான யூனிகோடுக்கு முன்பு பல நிறுவனங்கள் தனித்தனிக் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு, வைத்திருந்தன. எழுத்தை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன. பக்கம் கட்டிய புத்தகத்தை அப்படியே மறுபதிப்புக்கு எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பழைய மென்பொருளே வேண்டும். விற்றவரிடம் கேட்டால் புதுப் பதிப்பை வாங்கச் சொல்கிறார். புதியது பழைய கோப்பைத் திறக்குமா என்று கேட்டால் பதில் வராது.

அமெரிக்காவில் 2003லேயே, பழுதாகி மாற்றும் கிடைக்காத லாக்கைத் தாண்டி மென்பொருளைத் திறப்பதற்குக் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி விலக்கு அளித்தார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. நான் வக்கீல் இல்லை. ஆனாலும், தான் வாங்கிய மென்பொருளைத் தானே பயன்படுத்த நினைப்பவரிடம் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது?

விற்பனையையும் ஆதரவையும் நிறுத்தும் நிறுவனம், லாக் கேட்காத கடைசிப் பதிப்பு ஒன்றைப் பழைய வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட வேண்டும். விற்காத சரக்குக்குக் காவல் எதற்கு?

அதுவரை, ஓடிக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். யுஎஸ்பி லாக் என்றால் விர்ச்சுவல் கணினியில், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், எக்ஸ்பி நிறுவி, அதற்குள் லாக்கை இணைத்துப் பாருங்கள். பல லாக்குகள் வேலை செய்கின்றன. டிரைவர் சிடிக்கு இன்றே ஒரு நகல் எடுங்கள். லாக் உயிரோடு இருக்கும்போதே எல்லாப் புத்தகங்களையும் பிடிஎஃப் ஆகவும் யூனிகோடாகவும் வெளியே எடுத்துவிடுங்கள்.