புகை அடங்கிய கங்கு

ஊட்டியோ கொடைக்கானலோ, குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று அவ்வப்போது செய்தி வருகிறது. தலைப்பு பெரும்பாலும் 'மூச்சுத்திணறிப் பலி'. எனக்கு அந்த வார்த்தை மேல்தான் கோபம். மூச்சு திணறியிருந்தால் எழுந்து கதவைத் திறந்திருப்பார்களே!

நமக்கு மூச்சு முட்டுவதாகத் தோன்றுவது பெரும்பாலும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போதுதான். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும்போது அந்த டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் உடம்பு பதறாது. தலை வலிக்கும், குமட்டும், அசதியாக இருக்கும். மலைப்பாதையில் வந்த களைப்பு என்று படுத்துவிடுவோம். சரக்கு போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் டிசம்பரில் நாங்களும் கொடைக்கானல் போயிருந்தோம். வாசலில் கோழி சுட்டு முடித்ததும் நண்பன் கங்குத் தட்டைத் தூக்கினான். "புகைதான் நின்னு போச்சேடா, உள்ள வச்சுக்கலாம்." காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஓடி வந்தார். "வேணாம் சார். மேல நீலமா எரியுது பாருங்க, அது உள்ள வரக்கூடாது."

சிவந்த கங்குகளுக்கு மேலே மெல்லிய நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. எரிவதே கார்பன் மோனாக்சைடுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடியில் காற்று படும் இடத்தில் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. அது மேலே இருக்கும் சிவந்த கரிக்குள் நுழைந்து வரும்போது இன்னொரு கார்பனையும் சேர்த்துக்கொண்டு மோனாக்சைடாகிவிடுகிறது. உச்சியில் சூடும் காற்றும் போதுமானால் நீலமாக எரிந்து தீரும். கங்கு கொஞ்சம் தணிந்தால் சுடர் அணைந்துவிடும், வாயு மட்டும் எரியாமல் வந்துகொண்டிருக்கும். அதாவது, நாம் "அடங்கிடுச்சு" என்று உள்ளே தூக்கிப்போகும் அதே நேரத்தில்.

விறகாக இருந்தால் கண் கரிக்கும், இருமித் தொலைப்போம். கரிக்கு அது கிடையாது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தைக் கரியாக்க மூட்டம் போடும்போதே புகையில் பெரும்பகுதி போய்விடுகிறது. சமையல் கேஸிலாவது வேண்டுமென்றே நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 98 என்று காட்டலாம், நம்ப வேண்டாம். அந்தக் கருவிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் ஏறியதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதனால் ஆளை வெளியே இழுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் 'அறையில் கரி இருந்தது' என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு திறந்தால் போதும் என்று தூங்குகிறவன் எப்படிக் கணக்குப் போடுவான்? குளியலறை கேஸ் கீசருக்கும் இதே கதைதான். என்னைக் கேட்டால், வாடகைக்கு அடுப்பு தருகிறவர்களே ராத்திரி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த அண்ணன் அதைத்தான் செய்தார். தட்டை வாங்கி, கங்கில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, ஆளுக்கொரு கம்பளி கூடுதலாகக் கொண்டுவந்து போட்டார். அதில் அந்துருண்டை நாற்றம். நண்பன் விடியும்வரை அதைத் திட்டிக்கொண்டே கிடந்தான்.